மூன்றாவது பதிப்பின் தரை

மல்வேர்ன், ரொறன்ரோ
2 மார்ச் 2025

அன்புத் தங்கச்சி மலருக்கு,

நானும் உன் அண்ணி ராஜியும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தைப் போனில் கேட்டால் "ஓம் அண்ணா, ஓம் அண்ணா" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வேலைக்கு ஓடுகிறாய். அதனால் இனி ஒவ்வொரு கோப்போடும் ஒரு கடிதமும் வரும். ஆறுதலாக வாசித்து ஆறுதலாகப் பதில் போடு.

உன் ஊர் விமான நிலையம் ஒருமாதிரி வந்துவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன், கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் பழைய சிமுலேட்டருக்கு அதைச் செய்தவர் ஒரு ஓய்வுபெற்ற நோர்வே வாத்தியார். புதிய சிமுலேட்டருக்கு மாற்றலாமா என்று எழுதிக் கேட்டேன். "மாற்று, ஆனால் ஒழுங்காக மாற்று" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

கட்டடங்கள் கஷ்டமில்லை. பழைய கோப்பைத் திறந்து புது வடிவத்தில் எழுதும் கருவிகள் இருக்கின்றன. கரைச்சல் தருவது தரைதான். பழைய சிமுலேட்டர் விமான நிலையத்தைத் தட்டையான நிலம் என்று எடுத்துக்கொள்கிறது. ஓடுபாதை, விமானம் நிற்கும் இடம், புல் எல்லாவற்றையும் ஒரே படமாகப் பாய் விரித்ததுபோல விரித்து வைத்திருக்கிறார் வாத்தியார். புதியதில் நிலத்துக்கு உண்மையான மேடுபள்ளம் உண்டு. அந்தப் பாய் ஓரிடத்தில் மிதக்கிறது, இன்னோரிடத்தில் மண்ணுக்குள் போய்விடுகிறது. பாயும் மண்ணும் ஒரே உயரத்தில் வருகிற இடத்தில் தரை மினுங்கி மினுங்கித் துடிக்கிறது. இனி அதைத் துண்டு துண்டாக வெட்டி நிலத்தின்மேல் படிய வைக்க வேண்டும்.

படமும் பழசு, மங்கல். ஆகையால் உன் உதவி வேண்டும். நீ அங்கேயே வேலை செய்கிறாய். தாரின் நிறம், ஒட்டுப் போட்ட இடங்கள், எண்ணெய்க் கறை, கோடுகள், எல்லாவற்றையும் நேரே மேலிருந்து படம் எடுத்து அனுப்பு. அளவு தெரிய ஒரு அடிமட்டத்தையும் பக்கத்தில் வை.

போன சனிக்கிழமை சிமுலேட்டரில் ட்ரொம்சோவிலிருந்து கிளம்பி உன்னிடம் வந்து இறங்கினேன். இருபத்துமூன்று வருடமாக நீ அங்கே இருக்கிறாய், நான் ஒருக்காலும் வந்ததில்லை. இனி வாராவாரம் வருவேன். ராஜி சிரிக்கிறாள்.

வேலை அதேதான். சக்கர நாற்காலிக்காரர்களை வான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கும் டயாலிசிசுக்கும் கொண்டுபோய் விடுகிறேன். டோர்செட் பார்க்கிலிருந்து இப்போது ஏற்றுவது ஒரு புது ஆளை, கிளிபோட் அண்ணையை. யாழ்ப்பாண டிப்போவில் பஸ் பரிசோதகராக இருந்தவராம். எனக்கு வான் ஓட்டப் பழக்குகிறார்!

போன கிழமை ராஜியோடு ஒரு சோதனைக்குப் போய்வந்தேன். இரத்தத்தில் சீனிக்கு வழக்கமாகச் செய்யும் சலரோகச் சோதனைதான், சொல்லும்படி ஒன்றுமில்லை.

குளிர் உடுப்பைக் கவனமாகப் போடு.

அன்புள்ள அண்ணா,
சச்சிதானந்தன்


வாட்சோ, நோர்வே
15 மார்ச் 2025

அன்பான அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கண்டதில் எனக்குப் பாதிக் காய்ச்சல் போய்விட்டது. மிச்சப் பாதியும் இன்று போய்விட்டது, கவலைப்படாதீர்கள். அண்ணியின் முழங்கால் எப்படி?

படங்கள் அறுபத்துநான்கு இணைத்திருக்கிறேன். இங்கே நினைத்தபடி ஓடுபாதையில் இறங்க முடியாது. மேற்பார்வையாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "கனடாவில் ஒருவர் எங்கள் தாரைச் செய்கிறாரா?" என்று கேட்டுவிட்டு, மத்தியான விமானம் போனதும் பனி வாரும் வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். நான் முழந்தாளில் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைபோல அடிமட்டம் வைத்துப் படம் எடுத்தேன்.

குறித்துக்கொள்ளுங்கள். ஓடுபாதைக் கோடுகள் வெள்ளை. ஓடுபாதைக்குள் நுழையமுன் விமானம் நிற்கவேண்டிய கோடு மஞ்சள். நிறுத்துமிடத்துக்கு வழிகாட்டும் கோடுகளும் மஞ்சள்தான். நிறுத்துமிடம் வெளிறிய கொங்கிறீட் என்பதால் அந்த மஞ்சள் கொஞ்சம் மங்கிப்போய் இருக்கிறது. ஆனாலும் இருக்கிறது.

உங்கள் முதலாவது பதிப்பைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் கட்டடத்தின் பின்கதவு தெரிந்தது, அண்ணா. நான் சாப்பாட்டுப் பெட்டியோடு உட்காரும் படி. தரை துடித்தால் துடிக்கட்டும் என்று அந்தக் கதவுக்கு முன்னால் விமானத்தை நிறுத்திவிட்டுக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் நான் எங்கே உட்காருகிறேன் என்று இதுவரை யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நானும் கணினியில் இருப்பேன்.

என்றும் உங்கள்,
மலர்


மல்வேர்ன்
20 ஏப்ரல் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் பிந்திவிட்டது, குறை நினைக்காதே. இங்கே எல்லோரும் நலம். ராஜியின் முழங்காலும் குளிர் குறையக் குறையச் சுகமாகிறது.

இரண்டாவது பதிப்பு இத்துடன். பாயை நூற்றுப்பதினெட்டுத் துண்டாக வெட்டிவிட்டேன். துடிப்பு பெரும்பாலும் நின்றுவிட்டது. கோடுகளை ஒரு தட்டாகவும் தாரை இன்னொரு தட்டாகவும் பிரித்து, எது மேலே எது கீழே என்று சிமுலேட்டருக்குச் சொல்லவேண்டும். அது தெரியாமல்தான் இரண்டு மாதம் மினைக்கெட்டேன்.

ஒன்று கேட்கிறேன், சரியாகப் பார்த்துச் சொல். உன் திரையில் கறுப்பு நூல்போல ஏதாவது தெரிகிறதா? ஓடுபாதையின் இடது பக்கத்தில் தொடங்கி வானம்வரை போகிறது. சிலவேளை சிலந்திவலைபோல. விமானத்தைத் திருப்பினால் அதுவும் மெல்லத் திரும்புகிறது. கிராபிக்ஸ் கார்ட்டின் கோளாறு என்று நினைத்துப் புதிது வாங்கிப் போட்டேன். முதல் நாள் குறைந்ததுபோல இருந்தது, பிறகு திரும்பவும் வந்துவிட்டது.

கிளிபோட் அண்ணையின் கதையைக் கேள். பின்னால் நாற்காலியில் இருந்தபடியே ரோட்டு முழுவதையும் வாசிக்கிறார்.

"இடப்பக்கம் சைக்கிள், தம்பி."

"கண்டிட்டன் அண்ணை."

"அங்காலை சிவப்பு விழுந்திட்டுது."

"தெரியுது அண்ணை. நான் ஓடிறனோ நீங்கள் ஓடிறியளோ?"

"நான் சும்மா சொல்லிப்பாக்கிறன். வாய் சும்மா கிடந்தா எனக்கு நித்திரை வந்திடும்."

டயாலிசிஸ் முடிந்து களைத்துப்போய் வரும்போதும் விடமாட்டார். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு "பச்சை, எடும்" என்பார்.

பதில் போடு.

அண்ணா


வாட்சோ
24 ஏப்ரல் 2025

அண்ணா,

சுகம்தானே? நான் சுகம். இந்த முறை சுருக்கமாக எழுதுகிறேன்.

என் திரையில் நூல் இல்லை. மூன்று தரம் பார்த்தேன். விமானத்தை நீங்கள் சொன்ன பக்கமெல்லாம் திருப்பிப் பார்த்தேன். பிறகு வேலையிடத்தில் ஒரு பெடியனின் கணினியிலும் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. வானம் துப்புரவாக இருக்கிறது.

சோதனைக்குப் போனதாக மார்ச்சில் எழுதியிருந்தீர்கள். டாக்டர் என்ன சொன்னார்? சலரோகத்துக்குக் கண்ணையும் பார்ப்பார்களே, பார்த்தார்களா?

இதற்கு மட்டும் பதில் போட்டாலும் போதும்.

மலர்


மல்வேர்ன்
8 ஜூன் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். உனக்கு இப்போது இருபத்துநான்கு மணித்தியாலமும் வெயில் என்று நினைக்கிறேன். நித்திரை கொள்ள ஜன்னலுக்குத் தடித்த சீலை போடு.

மூன்றாவது பதிப்பை அனுப்புகிறேன். இதுதான் கடைசி என்று நினைக்கிறேன். உன் அறுபத்துநான்கு படத்தையும் வைத்துத் தரை முழுவதையும் புதிதாகக் கீறிவிட்டேன். ஒட்டுப் போட்ட இடம் பதினேழு, பதினேழும் இருக்கிறது. நிறுத்துமிடத்தின் கொங்கிறீட்டிலும் ஓடுபாதை வாயிலிலும் அழுக்கு மாதிரி நீட்டு நீட்டாகக் கிடந்தவற்றை எல்லாம் துடைத்துத் துப்புரவாக்கினேன். வாத்தியாருக்கும் ஒரு பிரதி போய்விட்டது.

அந்த நூல் இப்போது இல்லை. அது கார்ட்டின் பிரச்சினைதான்.

கிளிபோட் அண்ணைக்குப் போன கிழமை வேறு டிரைவரை அனுப்பியிருந்தார்கள். ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். "சச்சி வந்தால் வாறன், இல்லாட்டி எனக்கு இண்டைக்கு டயாலிசிஸ் வேண்டாம்." வான் கொம்பனிக் கந்தோரில் என்னைப் பகிடி பண்ணுகிறார்கள். இப்போது செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அவர் என் வானில்தான். ஆகையால் சனிக்கிழமைகளில் உன்னிடம் வந்து இறங்கக் கொஞ்சம் பிந்தும்.

ராஜியின் தொழிற்சாலையில் ஆட்களை நிற்பாட்டியதில் அவளும் நின்றுவிட்டாள். வீட்டில் இருப்பது அவளுக்கும் ஒரு ஆறுதல்தான் என்கிறாள்.

உடம்பைப் பார்.

அண்ணா


வாட்சோ
6 ஜூலை 2025

அன்பான அண்ணாவுக்கு,

நான்கு கிழமையாக உங்களுக்குப் பதில் எழுதத் தொடங்கித் தொடங்கி அழித்துவிட்டேன். சோம்பல்தான், வேறொன்றுமில்லை. சுகமாக இருக்கிறேன். நீங்களும் அண்ணியும் அப்படியே இருக்கவேண்டும் என்பதுதான் என் ஆசை.

மூன்றாவது பதிப்பின் தரை நல்லாயிருக்கிறது. தார் எங்கள் தார்தான். மழை பெய்து காய்ந்த அடுத்த நாள் இருக்கும் நிறத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். மேற்பார்வையாளருக்குக் காட்டினேன், ஒட்டுக்களை எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

ஒரேயொரு சின்ன விஷயம். மஞ்சள் கோடுகள் இல்லை. நிற்கும் கோடும் இல்லை, வழிகாட்டும் கோடுகளும் இல்லை. ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது விடுபட்டிருக்கும். நானே படக்கோப்பைத் திறந்து கீறிச் சேர்த்துவிட்டேன். நீங்கள் அதற்காக மினைக்கெட வேண்டாம்.

அண்ணிக்கு வேலை போனது கவலை. அவவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

வேறு என்ன? இங்கே கடல் அமைதியாக இருக்கிறது. சனிக்கிழமைகளில் பிந்தினாலும் பரவாயில்லை, வாருங்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

மலர்


மல்வேர்ன்
14 செப்டம்பர் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. கோடுகளைச் சேர்த்ததற்கு நன்றி. நீ நலமென்று நம்புகிறேன். என் உடம்புக்குக் குறையில்லை. மனம்தான் சரியில்லை.

போன செவ்வாய்க்கிழமை கிளிபோட் அண்ணை விழுந்துவிட்டார். காலை பத்து மணி, தூறல். டயாலிசிஸ் வாசலில் வானை நிறுத்திப் பின்பக்கச் சாய்தளத்தை இறக்கினேன். இரண்டு அடி அகலத்துக்குமேல் இருக்கும், ஆயிரம் தரம் இறக்கிய சாய்தளம். நாற்காலியின் முன்னால் நின்று பிடித்தபடி பின்னுக்கு வந்தேன். அண்ணை "இடப்பக்கம், தம்பி, இடப்பக்கம்" என்றார். வழக்கம்போல ரோட்டைச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒரு சில்லு விளிம்புக்கு வெளியே போய்விட்டது. நாற்காலி சரிந்தது. என் கைக்குள்ளால் போனார், மலர். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

நிலத்தில் கிடந்தபடி என்னைப் பார்த்து, "ஒண்டுமில்லை, பயப்பிடாதையும்" என்றார்.

கந்தோரில் கூப்பிட்டு விசாரித்தார்கள். நாற்காலியின் பிரேக்கைப் பற்றிக் கேட்டார்கள். நான் அதைத் தளர்த்தியிருந்தேன் என்றும், சாய்தளத்தில் வரும்போது அவர் தானே கையை வைத்து இழுத்ததில் ஒரு சில்லு இறுகிச் சரிந்திருக்கவேண்டும் என்றும் சொன்னேன். அப்படித்தான் இருந்திருக்கவேண்டும். வயது போனவர்கள் பதற்றத்தில் அப்படிச் செய்வதுண்டு.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கவேண்டும். இன்னும் போகவில்லை.

அண்ணா


மல்வேர்ன்
2 ஒக்டோபர் 2025

தங்கச்சி,

உன் பதில் வரவில்லை. உனக்கு ஏதும் சுகமில்லையோ என்று ராஜியும் கேட்கிறாள்.

கிளிபோட் அண்ணை ஞாயிற்றுக்கிழமை செத்துப்போனார். முறிவைவிடச் சளிக்காய்ச்சல்தான் கொண்டுபோனது என்றார்கள். பத்தொன்பது நாள் கிடந்திருக்கிறார். நேற்று தேவாலயத்தில் அடக்கப் பூசை. கடைசி வாங்கில் இருந்தேன். முடிந்ததும் அவருடைய மகள் யூஜினி என்னைத் தேடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா உங்களைத் தவிர ஒருத்தரோடையும் ஏறமாட்டார் அங்கிள். ஏன் பிரேக்கிலை கை வைச்சவரோ தெரியேல்லை. அவர் அப்பிடிச் செய்யிற ஆளில்லை."

கையை விடுவித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

விசாரணையை முடித்துவிட்டார்கள். என்மேல் பிழையில்லை என்று எழுதியாகிவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து திரும்ப வான் ஓட்டுகிறேன். அண்ணையின் இடத்தில் இப்போது ஒரு சீன அம்மா. அவர் ஒரு வார்த்தையும் பேசமாட்டார். வான் சரியான அமைதி.

ஒரு வரியாவது எழுது.

அண்ணா


வாட்சோ
5 ஒக்டோபர் 2025

அண்ணா,

எனக்குச் சுகக்குறைவு ஒன்றுமில்லை. உங்கள் செப்டம்பர் கடிதத்தைப் பார்த்த நாள்முதல் எழுத முடியாமல் இருந்தேன். இப்போது கிளிபோட் அண்ணை இல்லை என்று வந்திருக்கிறது. இனி எழுதாமல் இருந்தால் நான் மனுசியில்லை.

மூன்றாவது பதிப்பில் மஞ்சள் கோடுகள் விடுபட்டதாக ஜூலையில் எழுதினேன். அது பொய். கோப்பைத் திறந்து பார்த்தேன். எந்தக் கோடும் விடுபடவில்லை. இரண்டாவது பதிப்பில் இருந்தவற்றின்மேல் நீங்கள் சாம்பல் நிறத்தைப் பூசியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாக, பொறுமையாக, விளிம்பு தெரியாமல். அழுக்கைத் துடைத்ததாக ஜூன் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அண்ணா, உங்களுக்கு அந்த மஞ்சள் தெரியவில்லை. உங்கள் திரையில் இருந்த நூல் திரையில் இருக்கவில்லை.

நான் அன்றைக்கே விளங்கிக்கொண்டேன். நான்கு கிழமை அழித்து அழித்து எழுதியது அதைத்தான். பிறகு ஒரு நல்ல கடிதம் எழுதி, கோடுகளை நானே கீறி, உங்களுக்கு அனுப்பிவிட்டேன். ஏன் என்று கேட்பீர்கள். உங்களுக்குக் கண் போனால் சனிக்கிழமை நீங்கள் வந்து இறங்குவது நின்றுவிடும் என்று பயந்தேன். இவ்வளவுதான் காரணம். எவ்வளவு சின்னக் காரணம் என்று பாருங்கள். அந்த நேரம் நீங்கள் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தீர்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

அந்த மனிதர் ரோட்டை வாசித்தது விளையாட்டுக்கு இல்லை. உங்களுக்குத் தெரியாததை அவர் சொல்லிக்கொண்டு வந்தார். வேறு டிரைவரோடு ஏற மறுத்ததும் உங்களைத் தனியே விடக்கூடாது என்றுதான் என்று நினைக்கிறேன். சாய்தளத்திலும் சொன்னார். அப்படிப்பட்டவரின் கையைப் பிரேக்கில் வைத்துவிட்டீர்கள். அவருடைய மகள் இனிச் சாகும்வரை "அப்பா ஏன் அப்படிச் செய்தார்" என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

இனி அந்தச் சீன அம்மாவை ஏற்றாதீர்கள். கந்தோருக்கும் யூஜினிக்கும் உண்மையைச் சொல்லுங்கள். உங்களுக்குப் புதன்கிழமைவரை நேரம். நீங்கள் சொல்லாவிட்டால் உங்கள் கடிதங்களையும் அந்தக் கோப்பையும் வைத்து நான் சொல்லுவேன். சொல்லிவிட்டு உங்கள் தங்கச்சியாகவே இருப்பேன், நீங்கள் விட்டால்.

மலர்


மல்வேர்ன்
23 நவம்பர் 2025

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று போனில் அறிந்தோம். இவர் சொல்லச் சொல்ல நான், ராஜேஸ்வரி, எழுதுகிறேன். இனி இவருடைய கடிதங்கள் என் கையெழுத்தில்தான் வரும். இனி வருவது இவர் சொல்வது.

"தங்கச்சி, உன் கடிதம் வந்த அன்று திரையில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கியும் என்னால் வாசிக்க முடியவில்லை. ராஜியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவள் குசினி மேசையில் இருந்து முழுவதையும் வாசித்தாள். ஓரிடத்திலும் நிறுத்தவில்லை. முடிந்ததும் நான் வான் திறப்புக் கொத்தை அவளிடம் கொடுத்தேன்.

"திங்கட்கிழமை காலையே கந்தோருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். பிறகு நேரே போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விசாரணையைத் திரும்பத் திறந்திருக்கிறார்கள். பொலிசும் வந்து கேட்டார்கள். வழக்கு வரும் என்று வக்கீல் சொல்கிறார். வரட்டும். லைசென்ஸ் போய்விட்டது.

"இடது கண் இனி இல்லை. உள்ளே இரத்தம் கசிந்து கசிந்து திரை விழுந்துவிட்டதாம். வலது கண்ணில் சத்திரசிகிச்சை செய்தார்கள். வெளிச்சமும் ஆட்களின் உருவமும் தெரிகிறது. ஏப்ரலில் திரும்ப வந்திருந்தால் என்று டாக்டர் தொடங்கினார், பிறகு நிறுத்திவிட்டார்.

"போன சனிக்கிழமை ராஜியோடு பஸ்ஸில் டோர்செட் பார்க்குக்குப் போனேன். யூஜினி கதவைத் திறந்து, 'வாங்கோ அங்கிள், ரீ குடிக்கிறியளோ?' என்று கேட்டாள். நின்றபடியே சொன்னேன். உங்கடை அப்பா பிரேக்கிலை கை வைக்கேல்லை, எனக்குக் கண் தெரியேல்லை, நான்தான் விளிம்புக்கு வெளியாலை இழுத்தனான், பிறகு பொய் சொன்னனான். இவ்வளவும் சொல்ல ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

"அவள் முகம் எனக்குத் தெரியாது, அதனால் அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. பிறகு கேட்டாள்: 'அப்பாவுக்குத் தெரியுமோ? உங்களுக்குக் கண் தெரியாதெண்டு?'

"'ஓம். அவர்தான் எனக்கு ரோட்டைச் சொல்லிக்கொண்டு வாறவர்.'

"'எனக்குச் சொல்லேல்லை' என்றாள். 'எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. நான் அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை அவரைப் பேசினனான். ஏனப்பா கையை வைச்சனியள் எண்டு பேசினனான். அவர் பேசாமல் கிடந்தவர்.'

"அதற்குமேல் அங்கே நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. இதைத்தான் நான் உனக்குச் சொல்லவேண்டும் என்றிருந்தேன். நீ கெடு வைத்தது சரி. உன்மேல் எனக்குக் கோபமில்லை. கணினியை இங்கே என்னோடு வேலைசெய்த பெடியன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டேன். வாத்தியாருக்கு நீயே எழுதிவிடு. அண்ணா."

மச்சாள், இதுவரை அவர் சொன்னது. இப்போது குளிக்கப் போயிருக்கிறார். மிச்சம் என்னுடையது.

பெப்ரவரியில் டாக்டர் சொன்னபோது நானும் அந்த அறையில் இருந்தேன். கண்ணின் பின்பக்கத்தில் இரத்தக் குழாய்கள் பழுதாகின்றன, ஆறு கிழமையில் திரும்ப வரவேண்டும், அதுவரை வாகனம் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதை இவருக்குத் தமிழில் மாற்றிச் சொன்னவளும் நான்தான். அடுத்த நாளும் இவர் வானை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். ஆறாவது கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "ஊரிலை இல்லை எண்டு சொல்லு" என்றார். சொன்னேன். பிறகு ஜூனிலும் ஒருமுறை வந்தது. அந்த நேரம் இவர் பக்கத்தில் இல்லை. யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. எனக்கு வேலை போய் மூன்று கிழமை. இவரும் வீட்டில் இருந்தால் என்ன செய்வோம் என்று நினைத்து, நானாகவே, "அவர் ஊரில் இல்லை" என்றேன்.

உங்கள் கடிதத்தை நான் நிறுத்தாமல் வாசித்ததாக இவர் சொல்கிறார். நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்றுதான் நிறுத்தவில்லை.

யூஜினி வீட்டில் நடந்ததில் கடைசியை இவர் உங்களுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார். நாங்கள் வெளிக்கிட, அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அன்ரி, உங்களுக்கும் தெரியுமோ?"

"இல்லைப் பிள்ளை," என்றேன். "எனக்கு ஒண்டும் தெரியாது."

அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். "நீங்கள் பாவம் அன்ரி" என்றாள். இவர் பக்கத்தில்தான் நின்றார். கேட்டுக்கொண்டு நின்றார். பஸ்ஸில் வரும்போதும், வீட்டுக்கு வந்தும், இந்த எட்டு நாளும், இவர் அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏசியிருந்தால் ஆறியிருப்பேன்.

நாளைக்குத் திங்கட்கிழமை. அந்தப் பிள்ளை மூன்று மணிக்கு வேலையால் வருவாள். நான் தனியே போகிறேன். கதவை என் முகத்தில் அடித்துச் சாத்தினாலும் சாத்தட்டும், கதவுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு வருவேன். இவரிடம் கடைக்குப் போவதாகத்தான் சொல்லியிருக்கிறேன். அதையும் திரும்பி வந்துதான் சொல்லவேண்டும்.

தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. துவாய் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

உங்கள் மச்சாள்,
ராஜேஸ்வரி